தொட்டில் கயிறும் வாடகைப் புத்தகமும்

புத்தகம் படிக்கும்போது எனக்குக் காது கேட்காது. மற்ற நேரத்தில் நன்றாகவே கேட்கும், வேண்டியதற்கு மேலேயே கேட்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை இருமினால் கக்குவானாக இருக்குமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். காற்றில் கூரைத் தகரம் தட்டினால் கடல் ஏறிவிட்டதோ என்று எழுந்து வாசலுக்குப் போவேன். ஆனால் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டால், பக்கத்தில் வெடி போட்டாலும் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. குறை என்றும் நினைக்கவில்லை. என் உடம்பு வாகு அப்படி.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோதுதான் இந்தக் காது கேளாமை ஒரு பெரிய விஷயமாகிப் போனது. எழுபதுகளில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிதில் நடந்தது.

அதற்கு முன்னால் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது என் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தது. அம்மா கருவாடு காயப்போடக் கடற்கரைக்குப் போக வேண்டும். வீட்டில் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியிலிருந்து ஒரு சிஸ்டர் வீடு தேடி வந்து, இவள் வாசிப்பில் கெட்டிக்காரி, நிறுத்தாதீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். என் அம்மா மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். “நீங்க வந்து தொட்டிலை ஆட்டுவீயளா சிஸ்டர்?” சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அம்மா மேல் கோபம் இல்லை. வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மனதில் பதிந்துவிட்டது. தொட்டில் கட்டிய வீட்டில் புத்தகத்துக்கு இடமில்லை.

அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சீனி மடித்து வந்த காகிதம், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொடுக்கிற துண்டுப் பிரசுரம், கிழிந்த வாரப் பத்திரிகை. கல்யாணமாகித் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு வந்தபின்தான் எனக்கு முழுப் புத்தகம் கிடைத்தது. சைக்கிளில் பெரிய கான்வாஸ் பை மாட்டிக்கொண்டு ஒரு அண்ணாச்சி வாராவாரம் தெருவுக்கு வருவார். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வாடகைக்கு விடுகிற புத்தகங்கள் அந்தப் பையில் இருக்கும். காக்கி அட்டை, நூல் தையல், ஓரத்தில் யார் யாருடைய வீட்டுக் குழம்புக் கறையோ. எங்கள் தெருவில் அவரிடம் பேர் கொடுத்து வைத்திருந்தவர்கள் சில பெண்கள்தான். அதில் நானும் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். அப்போதே முகத்தில் கண்ணாடியும் காலில் தகடும் மாட்டிக்கொண்டு குதிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். இவரும் இவர் போகிற படகுக்காரர்களும் பழைய முறையிலேயே இருந்தார்கள். காலுக்குக் கல், இடுப்புக்குக் கயிறு. கல் இழுத்துக்கொண்டு போய்த் தரையில் விடும். மூச்சு இருக்கிறவரை சங்கைத் தேடிப் பொறுக்கிவிட்டுக் கீழேயிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார்கள். மேலே கயிறு பிடித்திருக்கிறவன் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது. சுண்டினால் இழு, அவ்வளவுதான்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் அண்ணன் தம்பி பிடிக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவன் கயிறு பிடித்தால் சொத்தில் பங்கு கூடுமே என்று ஒரு நொடி நினைக்கலாம். மச்சான் பிடித்தால் தங்கச்சி தாலி போய்விடுமே என்று நினைப்பான், கை தானாக இழுக்கும். எங்கள் ஆட்கள் பாசத்தை நம்பிக் கயிறு கொடுக்கிறவர்கள் இல்லை. யாருக்கு நஷ்டமோ அவன் கையில் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு என் அண்ணன் பிடித்தான்.

அண்ணன்தான் பிடிக்கிறான் என்று தெரிந்தும் எனக்குப் பயம் போகாது. விடியுமுன் படகு போனால், திரும்பி வருகிறவரை என் மூச்சும் பாதிதான் ஓடும். அந்தப் பொழுதைத் தாண்டத்தான் நான் படித்தேன். கதையில் இறங்கிவிட்டால் கடல் மறந்துபோகும். நிமிரும்போது படகு கரைக்கு வந்திருக்கும், அல்லது வருகிற நேரமாவது ஆகியிருக்கும். ஆகவே புத்தகம் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. மற்றவர்கள் மாதாவுக்கு நேர்ச்சை நேர்ந்தார்கள், நான் வாசித்தேன். நேர்ச்சையும் நேர்ந்தேன், அது வேறு.

பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் முடிந்து, அம்மா வீட்டிலிருந்து பிள்ளையோடு திரேஸ்புரத்துக்குத் திரும்பினேன். பெண் பிள்ளை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பிள்ளை, என் மாமியார். மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமிக்கு எழுத்து தெரியாது. செபங்கள் அத்தனையும் மனப்பாடம். வந்த அன்றைக்கே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். பால் கொடுக்கிறவள் புத்தகம் படிக்கக் கூடாது, பச்சை உடம்பில் படித்தால் பார்வை போய்விடும், பிற்காலத்தில் மீன் முள்ளைப் பிள்ளைக்கு ஆய்ந்து கொடுக்கக்கூடக் கண் தெரியாது. திட்டிச் சொல்லவில்லை. அடுப்பு சுடும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்கள்.

மாமியின் தடையை நான் சமாளித்திருப்பேன். மத்தியானம் அவர்கள் சற்றுக் கண் அயர்வார்கள், அந்த நேரம் எனக்குப் போதும். மாமியைவிடப் பெரிய தடை என்னிடமே இருந்தது. படிக்கும்போது எனக்குக் காது கேட்காதே. பிள்ளை அழுதால் யாருக்குக் கேட்கும்?

எல்லா வழியும் பார்த்தேன். பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். பிள்ளை பக்கத்தைப் பிடித்து இழுத்தது. புத்தகம் அதன் முகத்தில் விழுந்துவிடுமோ என்று ஒரு கையை அதன் நெற்றிமேல் வைத்துக்கொண்டேன், பக்கம் புரட்டக் கை இல்லை. குசினியில் அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகத்தை நிறுத்தி வைத்துக் குழம்பைக் கிண்டிக்கொண்டே படித்தேன். குழம்பு அடிப்பிடித்தது, மாமி மோப்பம் பிடித்தார்கள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். அரைப் பக்கம் போகுமுன் தலை தானாக நிமிரும். மூச்சு விடுகிறாளா. சேலை முகத்தில் சுற்றிக்கொண்டதா. காக்கை உள்ளே வந்துவிட்டதா. நான் தலையில் குத்தியிருந்த ஊக்கு எங்கே, தொட்டிலில் விழுந்ததா, தலையிலேயே இருக்கிறதா. தடவிப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்கு வந்தால் அதே வரி. மலை ஊரில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், தனி பங்களா, வெளியே மழை. அந்த மழை என் வீட்டில் ஒரு வாரம் பெய்தது. டீச்சர் ஜன்னலைச் சாத்தவே இல்லை.

அண்ணாச்சி வந்தபோது புத்தகத்தை நான் அப்படியே திருப்பி நீட்டினேன். அவர் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். அடையாளத்துக்கு நான் வைத்திருந்த கோழி இறகு போன வாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை. இதெல்லாம் நடப்பதுதான் என்றார். பிள்ளை பெற்ற வீடுகளில் புத்தகம் நின்றுவிடும், அவர் பார்க்காததா.

“பேரை எடுத்துருதேன் தங்கச்சி. பிள்ளை பள்ளிக்கூடம் போவட்டும், பொறவு பார்ப்போம். ஒண்ணும் அவசரமில்ல.”

நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆனால் ஒரு தடவை பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் என் பேரை அடித்தாயிற்று. அதுவும் ஒரு தொட்டிலுக்காகத்தான். இரண்டாவது தடவையும் ஒரு தொட்டிலைக் காட்டி என் பேரை அடிப்பார்களென்றால், மூன்றாவது தடவை எழுத எனக்குப் பேர் இருக்காது. நான் பயந்த சுபாவக்காரி, யாரிடமும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

“எடுக்காதீங்க அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க. முடிச்சு வச்சிருப்பேன்.”

அவர் சிரித்துவிட்டுப் புத்தகத்தை என் கையிலேயே விட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலில் கயிற்றை உப்புத் தண்ணீர் போக அலசிச் சுருட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. கடலுக்கு அடியில் போகிறவனுக்கும் காது கேட்காதுதான். அவன் காதையா நம்பிப் போகிறான், கயிற்றை அல்லவா நம்பிப் போகிறான்.

மறுநாள் மெல்லிய தூண்டில் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தொட்டில் சேலையின் முடிச்சுக்குக் கீழே கட்டினேன். மறு முனை என் இடது மணிக்கட்டில். தொட்டில் சும்மா ஆடினால் கயிறு தளர்ந்தே இருக்கும். பிள்ளை உதைத்தால், புரண்டால், சுண்டும். நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சரியாக அமைத்துவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகாக வேலை செய்தது. என் காதுக்கு எட்டாதது கைக்கு எட்டியது. சுண்டினால் நிமிர்வேன், இரண்டு ஆட்டு ஆட்டுவேன், மறுபடி இறங்குவேன். டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள். கதை நகர்ந்தது. அந்த நாட்களில் எனக்கிருந்த தைரியம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

கெடுத்தது என் கைதான்.

எங்கள் ஊர்க் கரையில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு விளையாட்டு விளையாடுவோம். முழங்கால் தண்ணீரில் ஒருத்தி இடுப்பில் கயிறோடு முங்குவாள். கரையில் நிற்கிறவள் கயிற்றைப் பிடித்திருப்பாள். முங்கினவள் சுண்டியதும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக் கரையில் போட வேண்டும். யார் சீக்கிரம் இழுக்கிறாளோ அவள் ஜெயித்தாள். நான் அதில் கெட்டிக்காரி. தோற்றதே கிடையாது.

கதையில் அன்றைக்கு நல்ல கட்டம். டீச்சரின் புருஷன் செத்துவிட்டான் என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். மழை இரவு. கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வருகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த நேரம் என் மணிக்கட்டில் கயிறு சுண்டியது. நான் நிமிரவில்லை. இழுத்தேன். கண் புத்தகத்தில், கை கயிற்றில், கைமாற்றிக் கைமாற்றி, சின்ன வயதில் இழுத்த அதே வேகத்தில்.

தொட்டில் ஒரு பக்கமாக மேலே ஏறிச் சாய்ந்தது. பிள்ளை சேலைமேல் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நான் அறியாமல் தூங்கி எழுந்து, பக்கத்திலேயே குசினி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மாமி அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு வந்து மடியை விரித்தார்கள். பிள்ளை அந்த மடியில் பொத்தென்று விழுந்தது. அழவில்லை. செதில் ஒட்டிய கைகளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. மாமியும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏளா, பிள்ளையைச் சங்குன்னு நினைச்சியா?”

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டதும், நல்ல வலம்புரியாகக் கிடைத்ததா, சாதாச் சங்கா என்று கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மாமி மடி ஒரு கை தள்ளி இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமி புத்தகத்தை எடுத்து மாதா சுரூபத்துக்குப் பின்னால், எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை. கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டேன். அண்ணாச்சி வந்தால் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் மாமி வாயால் கேட்டார். சிரித்தார். பிள்ளையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழுதில்லை என்று தெரிந்ததும் இன்னும் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“யாரு கயிறு பிடிச்சது?”

நான்தான் என்றேன்.

“முங்குனது?”

அதுவும் நான்தான்.

“முங்குதவளே கயிறையும் பிடிச்சா எப்படிளா? மேல ஒரு ஆள் வேண்டாமா?”

சொல்லிவிட்டு அவர் மீனில் முள் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அப்படி இல்லை. என் கயிற்றில் பிழை இல்லை, பிடித்த ஆளில்தான் பிழை. ஆள் மாற்றினால் போதும்.

யாரை மாற்றுவது? அங்கேதான் எங்கள் கரை வழக்கம் எனக்கு உதவியது. பாசத்தைக் கேட்டு யாரிடமும் போக வேண்டாம். நான் படிக்காமல் போனால் யாருக்கு நஷ்டம்? யோசித்துப் பார்த்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. அந்த வீட்டில் நான் படித்தால்தான் தொந்தரவு. சரி, நஷ்டப்பட ஆள் இல்லையென்றால் ஒரு ஆளை நஷ்டப்பட வைக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை மாமி நகரை மீன் ஆய உட்கார்ந்தார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மலை ஊர், பங்களா, டீச்சர், அவள் புருஷன் போன வண்டி பள்ளத்தில் விழுந்தது, உடல் கிடைக்காதது, மாமியார் வீட்டார் அவளை ராசியில்லாதவள் என்று விரட்டியது. எனக்குச் சொல்ல வரும். தொட்டில் ஆட்டிய காலத்தில் தம்பிக்குச் சொல்லிப் பழகிய வாய். மாமி கையில் செதில் தெறிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாமியார் வீட்டார் விரட்டிய இடத்தில், “சண்டாளிய” என்று ஒரு சொல் சொன்னார்கள். மழை இரவு, கதவு தட்டல், விளக்கு, தாழ்ப்பாள். நான் நிறுத்திவிட்டேன்.

யார் வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன், அந்த இடத்தில்தான் பிள்ளை விழுந்தது.

மாமி கொஞ்ச நேரம் மீனைப் புரட்டினார்கள். அவன்தான் வந்திருப்பான் என்றார்கள். பள்ளத்தில் விழுந்தவன் எப்படி வருவான் என்றேன். உடல் கிடைக்கவில்லை என்று நீதானே சொன்னாய் என்றார்கள். இருக்கலாம் என்றேன். குழம்பு கூட்டினார்கள், கொதிக்க வைத்தார்கள், உப்புப் பார்த்தார்கள். அவனாகத்தான் இருக்கும் என்று குசினியிலிருந்து இன்னொரு தரம் குரல் வந்தது. மாதாவுக்குப் பின்னால் புத்தகம் சும்மா இருந்தது.

மத்தியானம் மாமி படுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்கள். மாதாவிடம் உதட்டை அசைத்து என்னவோ சொன்னார்கள், மன்னிப்பாக இருக்கலாம். புத்தகத்தை எடுத்து முந்தானையால் துடைத்து என் முன்னால் போட்டார்கள்.

“வாசி. நான் ஆட்டுதேன். பால் நேரம் வந்தா முந்தியைப் பிடிச்சு இழுப்பேன், எந்திச்சு வந்துரணும்.”

கண் போய்விடுமே மாமி என்றேன், ஒரு மரியாதைக்கு. அதற்கும் அவர்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. அந்தச் சீசன் முழுக்க நான் தின்ற கீரையை ஒரு மாடு தின்றிருக்காது.

தட்டியது புருஷன் இல்லை. அவன் தங்கை, கைக்குழந்தையோடு. மாமிக்கு வந்த கோபத்தில் எழுதினவனை வாயில் வந்தபடி சொன்னார்கள். ஆனால் மறுநாள் சோறு ஆறுமுன் தொட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு ஒப்பந்தம் மாதிரி அது அமைந்தது. மத்தியானம் அவர்கள் ஆட்ட நான் படிப்பேன். மறுநாள் காலை அவர்கள் மீன் ஆய நான் சொல்வேன். அவசரத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள். நேற்று அவள் கையில் பை இருந்ததே, அது எங்கே போனது என்பார்கள். இருந்தது, பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டாள், சொல்ல மறந்தேன் என்று நான் பின்னால் போய் அந்தப் பையை எடுத்து வர வேண்டும். இப்படி ஒருத்திக்குச் சொல்ல வேண்டும் என்று படித்தபோதுதான் நான் ஒழுங்காகப் படித்தேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஒரு நாள் குடும்ப செபத்தில், கடலில் போகிறவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று மாமி வரிசையாகச் சொல்லி வந்து, அந்த டீச்சர் பெண்ணுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே என்று சேர்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எந்த டீச்சர் என்று கேட்கவில்லை. அவரும் சேர்ந்து செபித்தார்.

அண்ணாச்சி வருவதாகச் சொன்ன நாள் வந்தது. அன்றைக்குக் கதையின் முதல் பாகத்தில் கடைசிப் பகுதி மிச்சமிருந்தது. அவர் வருமுன் முடித்துவிட வேண்டும் என்று மத்தியானம் சீக்கிரமே உட்கார்ந்தேன். மாமி தொட்டிலை ஆட்டுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இறங்கினேன். எவ்வளவு ஆழத்துக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. மூச்சு முட்டுகிற கடைசிப் பக்கம், முற்றும் இல்லை, தொடரும் என்று இருந்தது. நிமிர்ந்தேன்.

வெயில் சுவரில் ஏறிப்போயிருந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மாமியின் வலது கையில் தொட்டில் கயிறு, இடது கையில் செபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. முக்காலியின்மேல் நான் பார்த்திராத ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. வாசலில் என் வீட்டுக்காரர் நனைந்த கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் என் அண்ணன். தெருவில் கரையிலிருந்து திரும்பி வருகிற பெண்களின் பேச்சுச் சத்தம். அப்போதுதான் எனக்குக் காது கேட்க ஆரம்பித்தது.

மத்தியானத்துக்கு முன்பே காற்று திரும்பி, நீரோட்டம் படகுகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வழக்கமாக வருகிற நேரத்துக்கு ஒரு படகும் வரவில்லை. தெருவே கரைக்குப் போயிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரி வந்து எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், மாமி கையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து, மலை ஊரில் ஒருத்தி புருஷனைத் தேடி ரயில் ஏறுவதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தலை துவட்ட உள்ளே போனதும் மாமியிடம் கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருக்கும். என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

மாமி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“பிள்ளை அழல. எதுக்கு இழுக்க?” என்றார்கள். பிறகு, “ரெண்டு பேரும் பயந்து என்ன செய்ய? ஒருத்தி பயந்தா போதும்” என்றார்கள்.

அவர்களுடைய ஒரே மகன் அவர். அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. பயம் முழுவதும் எனக்குத்தான் என்று பட்டா போட்டு வைத்திருந்தேன்.

அண்ணாச்சி வந்துபோனதும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவரே சொன்னார். சைக்கிள் மணியை அடித்திருக்கிறார். மாமி தொட்டிலை விடாமல் எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்திருக்கிறார்கள். பேரை எடுத்துவிடட்டுமா என்று அவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

“சத்தம் போடாதீரும், அவ உள்ள முங்கியிருக்கான்னாக. எந்தப் பேரை எடுக்கணும்னு கேட்டாக. ரெண்டாம் பாகம் இருந்தா வச்சிட்டுப் போம்னாக. நான் என்னத்தைப் பேச?” என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்த அன்று சாயங்காலம் மீன் இல்லை, படகுகள் பிந்தி வந்ததால் கரையில் வியாபாரம் நடக்கவில்லை. ஆய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மாமி குசினி வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் வைத்திருந்த கைகள் நிலைகொள்ளவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அந்தக் கைகளில் கொடுத்தேன். காலையில்தான் கதை சொல்வது வழக்கம், ஆனாலும் எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். ரயில் நிலையம், கூட்டம், அவள் கையிலிருந்த பை, சீட்டு வாங்க நின்ற வரிசை, வண்டி கிளம்பும்போது பெட்டியில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்த ஆள். ஒரு வரி விடாமல் சொன்னேன். பை ரயிலில் ஏறியதா என்று இந்தத் தடவை மாமி கேட்க வேண்டியிருக்கவில்லை.